பொட்டு வைத்த கோப்பை

"வெண்ணெய்க்குப் பக்கத்துலயா வைக்கிற?" என்று அலறினார் கண்ணாடிக்காரர்.

"பக்கத்துல இல்லீங்க, பின்னாடி," என்றாள் மனைவி. வெண்ணெய் டப்பாவை முன்னால் இழுத்துவிட்டு, ஃப்ரிட்ஜின் கதவை இடுப்பால் இடித்து மூடினாள்.

அவள் உள்ளே வைத்தவை இரண்டு சிறிய டப்பாக்கள். ஒன்றுக்கு மஞ்சள் மூடி, ஒன்றுக்கு நீல மூடி. அவற்றுக்குள் இருந்ததைக் கண்ணாடிக்காரர் ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'அது' என்பார். அவள் மட்டும் உருளைக்கிழங்கு, வெங்காயம் என்று சொல்வது போல் சாதாரணமாகச் சொல்வாள்.

அவர்கள் வீட்டின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பன்றிப் பண்ணை. பண்ணைகளை ஒட்டி வாழ்கிறவர்களின் குடலில் என்னென்ன கிருமிகள் குடியிருக்கின்றன, அவற்றில் மருந்துக்கு மசியாதவை எவை, அவை யாருக்கு நோயாகக் கிளம்பும் என்று ஓர் ஆய்வுக்கூடம் வருஷக்கணக்கில் ஆராய்ந்துகொண்டிருந்தது. தம்பதியாக இருக்கிற வீடுகள்தான் அவர்களுக்கு வேண்டும். பருவத்துக்கு ஒரு முறை ஆய்வுக்கூடத்துப் பெண் ஒருத்தி ஸ்கூட்டரில் வந்து நிறைந்த டப்பாக்களை வாங்கிக்கொண்டு, காலி டப்பாக்களைக் கொடுத்துவிட்டுப் போவாள்.

"வியாழக்கிழமை அந்தப் பொண்ணு வருவா. நான் பண்ணையில இருந்தா நீங்க எடுத்துக் கொடுங்க. மஞ்சள் என்னோடது, நீலம் உங்களோடது. மாத்திக் கொடுத்துடாதீங்க."

"நான் அதைத் தொடமாட்டேன்."

"இடுக்கியால எடுத்துக் கொடுங்க. யாரு வேணாங்கறா?"

மீதித் தேநீரை நின்றபடியே குடித்தாள். அவளுடைய கோப்பையின் வயிற்றில் சிவப்பாக ஒரு புள்ளி இருந்தது. ரப்பர் பூட்ஸுக்குள் காலை நுழைத்துக்கொண்டு, பனிக்குள் நடந்து, பின்கதவு வழியாகப் பண்ணைக்குப் போனாள்.

அந்தப் புள்ளிக்கு ஒரு கதை உண்டு. முதல் பரிசோதனையின் முடிவு வந்த அன்று அவர் கடையிலிருந்து திரும்பும்போது, மனைவியும் அந்தப் பெண்ணும் சமையலறையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் பேச்சு நின்றது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையாம். எனக்குத்தான் ஏதோ மருந்துக்கு மசியாத கிருமி இருக்காம்," என்றாள் மனைவி, ஏதோ பரிசு விழுந்தவள் போல.

கண்ணாடிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பயப்படாதீங்க சார்," என்றாள் அந்தப் பெண், தரையைப் பார்த்துக்கொண்டு. "அது வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி. அது பாட்டுக்கு வயித்துல கிடக்கும். புண்ணு வழியாவோ ரத்தத்துலயோ போனாத்தான் வம்பு. கையைக் கழுவினாப் போதும்."

போதாது என்று கண்ணாடிக்காரர் முடிவு செய்தார். அன்று சாயங்காலமே நகப்பூச்சு பாட்டிலை எடுத்து, மனைவியின் கோப்பை, தட்டு, கரண்டி எல்லாவற்றிலும் சிவப்புப் புள்ளி வைத்தார். தனிச் சோப்பு. தனித் துண்டு. இரண்டு தலையணைகளுக்கு நடுவே ஒரு சாண் இடம்.

"கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு அக்கறையா எனக்குப் பொட்டு வைக்கலை இந்த மனுஷன்," என்று அவள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

சுத்தம் அவருடைய தொழிலோடு வந்தது. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்கத் துடைப்பார். வருகிறவர் உட்காரும் நாற்காலியைத் துடைப்பார், எழுந்து போனதும் மறுபடி துடைப்பார். ஆனால் பண்ணை ஆட்கள் ஆட்டம் கண்ட கண்ணாடிகளைக் கொண்டுவந்து நீட்டினால், காதில் மாட்டும் காம்புகளில் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு மறு காம்பின் திருகாணியை முடுக்குவார். கை இரண்டுதானே இருக்கிறது. அதை அவர் அசுத்தத்தில் சேர்க்கவில்லை. அது தொழில்.

டப்பாக்களை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிவாக்கில், ஒரு பலவீனமான குட்டிக்குப் பால்புட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே வைக்கோலில் சாய்ந்துவிட்டாள். குட்டிகள் அவளைச் சுற்றிப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தன என்றார் பண்ணைக்காரர். அவளும் உறங்குகிறாள் என்று நினைத்து, சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாராம்.

"அந்தக் கிருமியா?" என்றுதான் கண்ணாடிக்காரர் மருத்துவரிடம் முதலில் கேட்டார்.

"கிருமிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. இதயம்."

புதன்கிழமை அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். வியாழக்கிழமை ஸ்கூட்டர் வந்து நின்றது.

"அம்மா எங்கே சார்?"

கண்ணாடிக்காரர் வாயைத் திறந்தார். நாக்கு ஒரு வழியில் போகப் பார்த்தது, குரல் வேறு வழியில் போய்விட்டது.

"தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா."

"அடடா. அம்மாகிட்ட ஒண்ணு சொல்லணுமே. அவங்க சொன்ன மாதிரியே நானே அவன்கிட்டக் கேட்டுட்டேன்னு சொல்லுங்க. சரின்னுட்டான்னு சொல்லுங்க."

"எவன்?"

"அம்மாவுக்குத் தெரியும்," என்று வெட்கப்பட்டாள் அவள்.

அவர் இடுக்கியைத் தேடவில்லை. இரண்டு டப்பாக்களையும் வெறுங்கையால் எடுத்து, மஞ்சளைக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துவைத்திருந்து, கொடுத்தார்.

அதற்குப் பிறகு நாட்கள் வேறு யாருடைய கண்ணாடியையோ போட்டுக்கொண்டு பார்த்ததைப் போல இருந்தன. படி இருக்கிற இடத்தில் படி இல்லை. தூரத்துச் சுவர் பக்கத்தில் வந்து நின்றது. பண்ணையின் வாடைகூட ஏதோ பழைய பாட்டு மாதிரி வந்துவந்து போனது. வங்கியில் அவள் பெயரை அடித்தார்கள். நூலகத்தில் அவள் அட்டையை வாங்கிக் கத்தரித்தார்கள். தொலைபேசிக்காரர்கள் அவள் எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். ஆசைக்கு ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தபோது ஒரு தச்சர் எடுத்தார். எல்லோரும் வெகு மரியாதையாக, வருத்தம் தெரிவித்து, அவளை அழித்தார்கள்.

உலகத்தில் ஒரே ஓர் இடத்தில் அவள் இன்னும் இருந்தாள். அந்த ஸ்கூட்டர்க்காரப் பெண்ணின் மனத்தில், தங்கை வீட்டில். அங்கிருந்தும் அவளைக் கிளப்பக் கண்ணாடிக்காரருக்கு மனம் வரவில்லை.

அடுத்த பருவம் வந்தது. டப்பாக்கள் இரண்டு. வீட்டில் ஆள் ஒன்று.

ஒரு காலைப்பொழுது முழுவதும் யோசித்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன்னுடையதையே இரண்டாகப் பங்கு போட்டார். மஞ்சளிலும் அதே, நீலத்திலும் அதே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் உண்டு. பூசணிக்காயைப் பாதி பாதியாக வெட்டி மறைத்தவர் அவர் ஒருவர்தான்.

சில வாரங்களில் அந்தப் பெண் கடைக்கே ஓடிவந்தாள். அவர் ஒரு காம்பைப் பல்லில் கடித்தபடி நிமிர்ந்தார்.

"சார், இப்போ உங்க ரெண்டு பேருக்குமே அந்தக் கிருமி இருக்கு. அச்சு அசலா ஒண்ணேதான்."

காம்பு வாயிலிருந்து விழுந்தது.

"எனக்குமா?"

அவள் எதையோ சொல்ல வந்து முழுங்கினாள். "ரெண்டு பேருக்கும் சார். ஒரே வீட்டுல இருந்தா ஒருத்தர்கிட்டேர்ந்து இன்னொருத்தருக்கு வர்றது சகஜம்தான்."

அலறுவார், மேசையிலிருந்த ஸ்பிரிட்டை எடுத்துக் குடித்தாலும் குடித்துவிடுவார் என்றுதான் அவள் பயந்திருப்பாள். கண்ணாடிக்காரரோ மெல்லத் தன் வயிற்றின் மேல் கையை வைத்தார். புள்ளி வைத்து, சோப்பைப் பிரித்து, தலையணையைத் தள்ளிப் போட்டு, இத்தனை அணை கட்டியும் அவள் வந்து சேர்ந்துவிட்டாள். போகும்போது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவள், இந்த ஒன்றை அவர் வயிற்றில் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

"ரொம்ப சந்தோஷம்," என்றார்.

"என்னது?"

"இல்ல, சொன்னதுக்கு சந்தோஷம்."

"நான் அம்மாவை உடனே பார்க்கணும் சார். பண்ணையில வேலை பார்க்கிறவங்க. கையில குட்டி கடிச்ச புண்ணு ஏதாவது இருந்தா?"

புதிதாக வந்தது எனக்கு, இவள் எதற்கு அவளைப் பார்க்க வேண்டும் என்கிறாள் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. சந்தோஷத்தில் அந்தக் கேள்வி எங்கோ கரைந்துபோயிற்று.

"அவ இன்னும் தங்கச்சி வீட்டுலதான் இருக்கா."

"இன்னுமா? சண்டையா சார்?"

"சேச்சே. தங்கச்சி விடமாட்டேங்கறா."

"அப்போ அந்த நம்பரைக் கொடுங்க. பேசறேன்."

கொடுத்தார். கொடுத்த கையோடு மச்சினியை அழைத்தார்.

"ஒரு பொண்ணு போன் பண்ணும். நீ உங்க அக்காவா ரெண்டு வார்த்தை பேசிடு."

"அத்தான், நீங்க சாப்பிடறீங்களா ஒழுங்கா? தூங்கறீங்களா?"

"அதெல்லாம் இருக்கட்டும். பேசுவியா?"

"பேசித் தொலைக்கிறேன். எங்க அக்காவைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு நீங்க படுறீங்க, உங்களுக்கு மச்சினியாப் போன பாவத்துக்கு நான் படுறேன்."

மச்சினிக்குப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. பதற்றம் வந்தால் அவளுக்கு வேலைக்குரல் தானாக வந்துவிடும். அந்தப் பெண் அழைத்து, "அம்மா, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டதும், "கனிவான கவனத்திற்கு, நான் மிக நலமாக இருக்கிறேன்," என்று கணீரென்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பெண் உடனே கண்ணாடிக்காரரை அழைத்தாள். "சார், அம்மா குரலே மாறிப்போச்சு. பேச்சும் ஒரு மாதிரி இருக்கு. எங்க ஆய்வுக்கூடத்து மருத்துவர்கிட்டச் சொல்லியிருக்கேன். அடுத்த டப்பாவைப் பார்த்துட்டு முடிவு பண்ணலாம்னாரு."

அந்த இடைக்காலம் கண்ணாடிக்காரருக்குச் சுகமாகப் போயிற்று என்று சொன்னால் நம்புவது கஷ்டம். ஆனால் அதுதான் உண்மை. சளி பிடித்தபோது மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியே எறிந்தார். உள்ளே இருக்கிற அவளுக்கு அது ஆகாமல் போய்விட்டால்? புள்ளி வைத்த கோப்பையில்தான் தேநீர் குடித்தார். மத்தியான வேளையில் கடையைப் பாதி சாத்திவிட்டுச் சாய்ந்து படுப்பார். வயிறு களகளவென்று ஏதோ சொல்லும். "என்ன சொல்ற?" என்பார். சுவரெல்லாம் தொங்கும் கண்ணாடிகள் வெயிலில் மினுக்கும். அந்தக் களகளப்பில் அவளுடைய சிரிப்பின் சாயல் இருப்பதாக அவருக்குப் பட்டது. காரம் சேர்த்துக்கொள்ளும் நாளில் கொஞ்சம் கோபித்துக்கொள்வாள். மற்றபடி பெரும்பாலும் நல்ல மனநிலையில்தான் இருந்தாள்.

ஆனால் மஞ்சள் டப்பாவுக்கு வழி சொல்ல வேண்டுமே. இந்தத் தடவை அம்மா பரம ஆரோக்கியம் என்று வந்தால்தான் மருத்துவர் விடுவார். அவருக்குத் தெரிந்த பரம ஆரோக்கியசாலி ஒருவர்தான். பண்ணைக்காரர். ஆள் கதவகலம் இருப்பார். ஆய்வு தொடங்கியபோது, "வேணும்னா என் பன்னிங்களைக் கேளுங்க, என்னைக் கேட்காதீங்க," என்று அந்தப் பெண்ணைத் துரத்தி அடித்தவர்.

கண்ணாடிக்காரர் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றினார்.

"உங்க வீட்டம்மாவுக்காகவா?"

"அவளுக்காகத்தான்."

"என் பண்ணையில எத்தனை குட்டிங்களைப் பிழைக்க வச்சவங்க. கேட்டது கிட்னியா இருந்தாலும் கொடுப்பேன். இது என்ன பிரமாதம்? டப்பா ஒண்ணு போதுமா?"

"போதும், போதும்."

"எனக்கு ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்லை, தெரியுமில்ல? சுத்தமான சரக்கு."

சுத்தமான சரக்கைப் பரிசோதித்த ஆய்வுக்கூடம் ஆடிப்போயிற்று. பன்றிகளிடம் இருக்கிற அத்தனை கிருமிகளும் மஞ்சள் டப்பாவில் குடும்பம் குட்டியோடு இருந்தன. அதுவரைக்கும் எந்த மனிதரிடமும் ஒன்றாகச் சேர்ந்து இருந்திராத கூட்டம்.

"அம்மா உயிரோட நடமாடறதே அதிசயம்னு மருத்துவர் சொல்றார் சார்," என்றாள் அந்தப் பெண். "நாளைக்கு ரெண்டு பேரும் வீட்டுக்கே வர்றோம். அவங்களை அழைச்சுட்டு வந்து வையுங்க. இல்லேன்னா தங்கச்சி வீட்டுக்கு ஆம்புலன்ஸ் அனுப்புவாங்க."

மறுநாள் மச்சினி வந்தாள். திட்டிக்கொண்டே அக்காவின் கட்டிலில் படுத்து, அக்காவின் போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டாள். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அறையை மங்கலாக்கினார் கண்ணாடிக்காரர். என்ன நடக்கிறதென்று பார்க்க வந்த பண்ணைக்காரர், ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் சமையலறைக் கதவின் பின்னால் ஒளியப் பார்த்தார். கதவு அவரை மறைக்கவில்லை. அவர்தான் கதவை மறைத்தார். இடிபட்டுக் கழன்ற அவருடைய மூக்குக்கண்ணாடியைக் கண்ணாடிக்காரர் எடுத்து, பழக்க தோஷத்தில் ஒரு காம்பைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

மருத்துவர் ஒல்லியான, கவலையான மனிதர். "நோயாளி எங்கே?" என்றார்.

பதில் வருமுன் அந்தப் பெண் அறைக்குள் போய்விட்டாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். முகத்தை அவள் பார்க்கவில்லை. போர்வையின் மேல் தெரிந்த கைமேட்டின் மீது தன் கையை வைத்து, மெல்லச் சொன்னாள்.

"அம்மா, அடுத்த மாசம் கல்யாணம். உங்களாலதான். நீங்க சொல்லலேன்னா நான் கேட்டிருக்கவே மாட்டேன். முதல் ஆளா உங்களுக்குத்தான் சொல்லணும்னு வந்தேன்."

போர்வை குலுங்கியது. உள்ளே மச்சினி அழுதுகொண்டிருந்தாள்.

கண்ணாடிக்காரர் வாசற்படியில் நின்றிருந்தார். அந்த நல்ல சேதி போய்ச் சேரவேண்டிய இடம் அந்தக் கட்டில் இல்லை. தப்பான விலாசத்தில் அது விழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியவில்லை. பல்லிலிருந்த காம்பை எடுத்தார்.

"அது அவ இல்லம்மா. அவ செத்துப்போயிட்டா."

முதல்முறையாக அவர் அந்த வார்த்தையை வாயால் சொன்னார். சொன்ன பிறகும் சுவர் இருந்த இடத்தில்தான் இருந்தது.

அந்தப் பெண் போர்வையை விலக்கினாள். "கனிவான கவனத்திற்கு, மன்னிச்சுடும்மா," என்று மச்சினி விம்மினாள்.

"எப்போ சார்?"

"போன வருஷம் பனி விழுந்தப்போ நீ டப்பா வாங்க வந்தியே, அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"அப்போ அதுக்கப்புறம் வந்த மஞ்சள் டப்பாவெல்லாம்?" என்றார் மருத்துவர்.

"முதல்ல வந்தது என்னோடது. ரெண்டாவது என்னோடது இல்லை."

"ரெண்டாவது என்னோடது," என்றார் பண்ணைக்காரர், கதவோடு சேர்ந்து முன்னால் வந்து. "அதுல ஏதாவது குறையா?"

மருத்துவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இரண்டடி தள்ளி நின்றார்.

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கண்ணாடிக்காரர் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். கைக்கு அகப்பட்டது புள்ளி வைத்த கோப்பைதான். அவள் குடிக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டுப் பேரை ஆராய்ச்சியிலேர்ந்து அடிச்சுடுங்க, பரவாயில்லை," என்றார் கண்ணாடிக்காரர். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன் டாக்டர். என் வயித்துல இருக்கிற கிருமிக்கு மட்டும் மருந்து கிருந்து கொடுத்துடாதீங்க. அவகிட்டேர்ந்து எனக்கு வந்தது. நான் எவ்வளவு தள்ளி வச்சும் எப்படியோ வந்துடுச்சு. இப்போ என்கிட்ட அவளோடதுன்னு உயிரோட இருக்கிறது அது ஒண்ணுதான்."

மருத்துவர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் கோப்பையைத் திருப்பி, சிவப்புப் புள்ளியைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள்.

"பொட்டைத் தப்பான கோப்பையில வச்சுட்டீங்க சார். அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் ஒண்ணுமே இருந்ததில்லை. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவறவங்க அவங்க. 'அவருகிட்டச் சொன்னா மனுஷன் பயந்தே செத்துருவாரு, எனக்குன்னு சொல்லிடு, நான் சமாளிச்சுக்கறேன்'னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க... அந்தக் கிருமி முதல் டப்பாவுலேர்ந்தே உங்களோடதுதான் சார், இன்னிக்கு வரைக்கும் அதுல மாற்றம் ஒண்ணும் இல்லை."